என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு

அன்புள்ள நம் கல்லூரி மாணவர் நலக்குழு அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும்,

வணக்கம். போன வருடமே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. அப்போது நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது. அதற்கு நீங்கள்தான் காரணம் என்பதால் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நூலக வராந்தாவில் நீங்கள் மேசை போட்டிருந்த அன்று நான் உங்களைத் தேடி வரவில்லை. விடுதி அறைக்குப் போகப் பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த அண்ணன் ஒரு தாளை நீட்டினார். தூக்கக் குறிப்புத் தாள். 14 நாளைக்கு 14 வரி. எத்தனை மணிக்குப் படுத்தாய், எப்போது விழிப்பு வந்தது, கடைசிக் காபி எப்போது, விழிப்புக்குக் காரணம் என்ன என்று கட்டங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்றார். எனக்கு 3 மணி நேரமே போதும் என்றேன், பெருமையாக. அவர் வாதாடவில்லை. "சரி, போதுமான்னு இதுல பார்த்துடலாமே" என்று பேனாவையும் சேர்த்துக் கொடுத்தார். மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் கிட்டத்தட்டப் பாதி, இரவு 11 மணிக்கும் பலருக்கு உடம்பில் இருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். தேர்வு நேரத்தில் எல்லாரும் செய்வதற்கு நேர் எதிரான சேதி!

ஆறாம் நாள் அந்தத் தாளோடு மறுபடி வந்தேன். ஏன் வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. அன்று மேசையில் அக்கா இருந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். விழிப்பு 2.10, 2.15, 2.10, 2.30. காரணம் என்ற கட்டம் ஆறு நாளும் வெறுமையாக இருந்தது. அதன்மேல் விரலை நிறுத்தி, "இதை மட்டும் விட்டுட்டியே" என்றார்.

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிர் நாற்காலியிலிருந்து எழுந்து மேசையைச் சுற்றி வந்து, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்த அதே தாளைப் பார்த்தார். பேசத் தொடங்கும் முன்பே ஒன்றைச் சொன்னார்: "நீ சொல்றது என்னோட இருக்கும். ஆனா யாரோட உயிருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் ஆலோசகர்கிட்ட சொல்லியாகணும். இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசு." அந்த நேர்மைதான் என்னைப் பேசவைத்தது. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

மதிப்பெண், வீட்டுக் கவலை, யாரோடும் ஒட்டாமல் போனது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், குரலைத் தாழ்த்தாமல், சாதாரணமாகக் கேட்டார்: "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் ஏற்படுத்திவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மை அப்படியல்ல என்பதை உங்கள் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள் என்று பிற்பாடு அறிந்தேன். கேட்கப்பட்டவனாக நானும் சொல்கிறேன்: அந்தக் கேள்வி புதிதாக எதையும் என் மனதில் போடவில்லை, உள்ளே இருந்ததை இறக்கிவைக்க இடம் கொடுத்தது. "சில ராத்திரி" என்றேன்.

அக்கா பதறவில்லை, அறிவுரை சொல்லவில்லை, என்ன நோய் என்று பெயர் வைக்கவுமில்லை. "இது நான் மட்டும் பார்த்துக்கற விஷயம் இல்ல. வா, சேர்ந்தே போகலாம்" என்றார். ஆலோசகர் அறைக்கு 200 அடிகூட இருக்காது. தனியாகப் போகச் சொல்லியிருந்தால் பாதி வழியில் திரும்பியிருப்பேன். நான் உள்ளே இருந்த முக்கால் மணி நேரமும் அவர் வெளியே காத்திருந்தார். மறுநாள் அவருக்குத் தேர்வு இருந்ததாம். அதையும் வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

எந்த எல்லையில் நின்று இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. என் கணக்கில் உங்கள் வேலையில் அதுவே பெரிது. கேள்விப் பெட்டியில் பெயர் போடாமல் விழும் சீட்டுகளுக்கும் அப்படித்தான் பதில் சொல்கிறீர்கள். எச்.ஐ.வி. தொட்டால் பரவுமா என்று எவரோ கேட்டதற்கு, பரவாது என்று அன்றே பலகையில் விளக்கமாக எழுதினீர்கள். மாத்திரை ஒன்றைப் பற்றிய சீட்டுக்கு, "எங்களுக்குத் தெரியல, செவிலியரைக் கேட்டுச் சொல்றோம்" என்று எழுதி, மறுநாள் கேட்டும் சொன்னீர்கள்.

மது பற்றி வகுப்பெடுத்த அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. குடித்து மயங்கியவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது, குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் மது ஏறிக்கொண்டே போகலாம், காபியும் குளிர்ந்த தண்ணீரும் அதைக் குறைக்காது என்றார். பிறகு ஒரு நண்பரைத் தரையில் படுக்கவைத்து, ஒருக்களித்துத் திருப்பி, மேல் முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, மூச்சுவழி திறந்திருக்கும்படி தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்துக் காட்டினார். இரண்டு மாதம் கழித்து விடுதியில் ஒரு தம்பி எழுப்பியும் எழாமல் கிடந்தபோது, என் கை தானாக அதைச் செய்தது. மாட்டிக்கொள்வோம் என்று சிலர் தயங்கியபோதும் ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். வரும்வரை அவன் மூச்சை எண்ணிக்கொண்டே பக்கத்தில் இருந்தேன். அந்தத் தம்பி இன்று நன்றாக இருக்கிறான்.

உங்களைப் பயிற்றுவித்த ஆலோசகர், செவிலியர், மேசை போட இடம் கொடுத்த நூலகப் பணியாளர்கள் எல்லாருக்கும் என் வணக்கம். உங்கள் மேசையில் ஒட்டியிருந்த வாசகத்தை முதலில் நான் கவனிக்கவில்லை. உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையாக நலமாக இருப்பதே ஆரோக்கியம், நோயில்லாமல் இருப்பது மட்டுமல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1948-லிருந்து சொல்லிவருவது. அதில் மூன்றாவது எவ்வளவு முக்கியம் என்று அந்த பெஞ்சில்தான் எனக்குப் புரிந்தது.

கடைசியாக ஒன்று. 14 நாள் முடிந்ததும் தூக்கத் தாளைத் திருப்பித் தரச் சொன்னீர்கள். இத்தனை நாளாக என்னிடமே வைத்திருந்தேன். காரணம் என்ற கட்டத்தை இப்போது நிரப்பியிருக்கிறேன், ஆறு நாளுக்கும். மேலே இருந்த பெயரை மட்டும் அடித்துவிட்டேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு யாராவது வந்தால் அவரிடம் இதைக் காட்டுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் ஆண்டு மாணவன்