உன் ஞானஸ்நானம் பற்றி அப்பா எழுதுவது

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பெங்களூரில் நீ போகிற சபையில் அடுத்த மாதம் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாய், சின்னப் பிள்ளையில் நம் கோயிலில் தலையில் தண்ணீர் விட்டது செல்லாதாம், முழுகினால்தான் இரட்சிப்பு என்று பாஸ்டர் சொல்கிறாராம். நான் பதில் சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்தது கோபத்தில் இல்லை, அம்மாடி. நீ அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னதும் என்னைப் பெற்ற உன் ஆச்சி முகம் கண்முன்னால் வந்துவிட்டது, தொண்டை அடைத்துக்கொண்டது.

நான் முழுகினவன்தான், அது உனக்குத் தெரியும். 1984 ஜனவரி, எனக்கு 22 வயது, தாமிரபரணியில் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை. நானே வேதம் வாசித்து, வீட்டில் அடி வாங்கி, நானே முடிவெடுத்து ஆற்றில் இறங்குகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று சொல்லி சபை ஐயர் என்னை மல்லாத்தி அமுக்கினபோது காலடியில் மணல் நழுவி, மூக்கில் தண்ணீர் ஏறி, பயத்தில் அவருடைய அங்கியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் தூக்கி நிறுத்தினார். அங்கே நான் செய்தது அவ்வளவுதான். 1993ல் ஞானத்தாய் கையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய், மூன்றாவது தரம் தண்ணீர் விழுந்ததும் முழித்து வீரிட்டாய். அதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்று பவுல் ரோமர் 6ல் எழுதுகிறார். செத்தவன் தானாகப் போயா குழியில் படுக்கிறான், யாராவது தூக்கிக்கொண்டுபோய்த்தானே வைக்க வேண்டும்.

உன் பாஸ்டர் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்போஸ்தலர் நடபடிகளில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக ஒரு இடத்திலும் வெளிப்படையாக இல்லை. லீதியாளும் வீட்டாரும், சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்களும் என்றுதான் இருக்கிறது, அந்த வீடுகளில் தொட்டில் இருந்ததா என்று அதை எழுதின லூக்கா சொல்லவில்லை. பிள்ளை வளர்ந்து தானாகக் கேட்கட்டும் என்று காத்திருக்கிற சபைகளை நான் குறை சொல்லவில்லை, நம் சி.எஸ்.ஐ. சபையிலேயே அப்படிக் காத்திருக்கிறவர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் கொடுத்ததை இல்லை என்பதுதான் எனக்கு ஆகவில்லை. எபேசுவில் பவுல் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்க வைத்தாரே என்று கேட்டாய். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப்பார், அவர்கள் பெற்றிருந்தது இயேசுவுக்கு முன்னே வந்த யோவான்ஸ்நானகனின் ஞானஸ்நானம், பரிசுத்த ஆவி உண்டென்பதைக்கூடக் கேள்விப்படாதவர்கள். உனக்கு அந்த மூன்று நாமமும் சொல்லித்தானே தண்ணீர் விட்டது? தண்ணீரின் அளவைப் பற்றிக் கேட்டால், திதகே என்று ஆதித் திருச்சபையின் பழைய ஏடு ஒன்று இருக்கிறது. ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடு, இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று தரம் ஊற்று என்று அதிலேயே இருக்கிறது.

சரி, ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை.

ஆச்சி பெரியப்பா வீட்டில்தானே இருந்தாள். எழுத்து தெரியாது. நான் போகும்போதெல்லாம் கதவைச் சாத்திவிட்டு லூக்கா 23ஐ வாசிக்கச் சொல்வாள், அதிலும் இயேசுவோடு சிலுவையில் தொங்கின கள்ளன் பேசுகிற இடத்தை, இன்றைக்கு என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று இயேசு அவனுக்குச் சொல்கிற இடத்தை. ஞானஸ்நானம் எடுக்க அவளுக்கு ஆசை உண்டு. எடுத்தால் கொள்ளி யார் வைப்பது என்று பெரியப்பாக்கள் சத்தம் போட்டார்கள், அதோடு வாயை மூடிக்கொண்டாள். ஒரு நாள் வாசித்து முடித்ததும் கேட்டாள், “அந்தக் கள்ளனுக்கு யாருலே தண்ணி ஊத்துனா?” யாரும் இல்லை என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

2001ல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் கையைப் பிடித்து, எனக்கும் ஊத்திரச் சொல்லு என்றாள். வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் பேசிவிட்டு ஐயரைக் கூட்டி வருகிறேன் என்றேன். ஆபத்து நேரத்தில் ஐயர் வேண்டாம், விசுவாசி யாரும் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். கட்டில் பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் பாட்டில் இருந்தது, பாதிக்குமேல் இருந்தது, இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. அண்ணன்மாருக்குப் பயந்தேன். மறுநாள் விடியுமுன்னே போய்விட்டாள். சுடுகாட்டில் நான் தள்ளி நின்றேன்.

ஆச்சி இரட்சிக்கப்படவில்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான் என்று மாற்கு 16ல் இருக்கிறது, அடுத்த பாதியில் ஆக்கினைக்குள்ளாவது விசுவாசியாதவன் என்று மட்டும்தான் இருக்கிறது. நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு பேசி முடிக்குமுன்னே ஆவியானவர் இறங்கிவிட்டார், தண்ணீர் பிறகுதான் வந்தது. ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியம் என்று அழுத்திச் சொல்கிற கத்தோலிக்கர்களே, ஆசைப்பட்டு அதைப் பெறாமல் செத்தவரை ஆண்டவர் கைவிடமாட்டார் என்றுதான் போதிக்கிறார்கள்.

அப்படியானால் நான் ஏன் இத்தனை வருஷமாக அந்தப் பாட்டிலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்? ஏனென்றால் அது சும்மா சடங்கு இல்லை, மகளே. கேட்டவளுக்கு ஆண்டவர் தருவதாகச் சொன்னதை நான் தடுத்துவிட்டேன். அவளைப் பேர் சொல்லி, நீ என்னுடையவள் என்று அவர் சொல்வதை அவள் தன் காதால் கேட்டு, நெற்றியில் அந்த ஈரத்தோடு கண் மூடியிருக்கலாம். ஞானஸ்நானம் இப்பொழுது நம்மையும் இரட்சிக்கிறது என்று பேதுருவே எழுதும்போது அது வெறும் அடையாளம் என்று தள்ள எனக்குத் தைரியம் இல்லை, இயேசுகிறிஸ்துவின் உயிர்த்தெழுதலினால் என்று அவர் சேர்த்து எழுதுவதை விட்டுவிடவும் மனசு வரவில்லை. பாளையங்கோட்டையில் நீ சைக்கிளில் கடந்து போவாயே, பாப்பாத்தியம்மாள் கோயில், அதைக் கட்டின கிளாரிந்தா அம்மாள் ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்துவிட்டார், ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்ததால். விசுவாசம் இருக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று அந்த அம்மாள் விட்டுவிடவில்லை, அந்த அதிகாரி இறந்தபிறகு 1778ல் பெற்றுக்கொண்டார். பிலிப்பியில் அந்தச் சிறைச்சாலைக்காரனும் விடியட்டும் என்று இருக்கவில்லை. ராத்திரியிலேயே பவுலின் காயங்களைக் கழுவினான், உடனே அவனுக்கும் அவனுடையவர்களுக்கும் ஞானஸ்நானம். நான்தான் விடியட்டும் என்று இருந்தவன்.

உனக்கு அது கிடைத்திருக்கிறது. சந்தேகம் வரும்போது சபையைச் சீர்திருத்தின மார்ட்டின் லூத்தர் ‘நான் ஞானஸ்நானம் பெற்றவன்’ என்றுதான் தன்னைத் தேற்றிக்கொள்வாராம். அந்த வார்த்தையை உன்னிடமிருந்து எடுத்துப்போட விடாதே. விசுவாசம் இப்போதுதான் உனக்குள் பற்றிக்கொண்டது என்றால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை, சபைக்கு முன்னால் எழுந்து நின்று சாட்சி சொல், நான் வந்து முதல் வரிசையில் உட்காருகிறேன்.

நேற்று நம் வீட்டு வேதாகமத்தின் முன்பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பார்த்தாயா? உன் பெயருக்கு நேரே ஞானஸ்நானத் தேதி அம்மா கையெழுத்தில் இருக்கும். இரண்டு வரி மேலே ஆச்சி பெயர், இறந்த தேதி இருக்கிறது, ஞானஸ்நானத்துக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. கோடு போட்டு அடிக்கவும் எனக்கு மனசு வரவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணு. அம்மாவும் உன்னிடம் பேச வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா