கனமான கேமராவுக்கு ஒத்தக் காலும் தாங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஃபிலிம் கேமரா பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், இந்தக் காலத்துப் பிள்ளைங்க மறுபடி 120 ஃபிலிம் ரோல் தேடி வாங்குறாங்கன்னு படிக்கவே மனசு நெறஞ்சிருச்சு. ஆனா அந்த ரோல் போடுற மீடியம் ஃபார்மட் கேமரான்னா கனம், மூணு கால் ட்ரைபாட் இல்லாம தொடாதீங்கன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க, அத மட்டும் என்னால ஒத்துக்க முடியல. இருபது வருசத்துக்கு மேல மாமியா ஆர்பி67ங்கிற அந்த மாதிரிக் கேமரா வச்சு வேல பாத்தவன் நான், ஸ்டுடியோவுக்கு வெளிய எடுத்ததுல பாதிக்கு மேல மோனோபாட்லதான், அதாவது ஒத்தக் கால் ஸ்டாண்டுல.

லென்ஸு, பின்னாடி ஃபிலிம் போடுற பேக்கு எல்லாம் சேத்தா அந்தக் கேமரா ரெண்டரை கிலோவத் தாண்டும். கையிலயும் எடுக்கலாம், ஆனா நாலாவது படத்துலயே மணிக்கட்டு நடுங்கும், அப்புறம் 90 எம்எம் லென்ஸுக்கு ஷட்டர் வேகம் 1/125 செகண்டுக்கு கீழ நம்பி இறங்க முடியாது. மோனோபாட்ல மாட்டிட்டா கனத்தத் தரை வாங்கிக்கும், 1/30 வரைக்கும் தைரியமா போலாம். எங்க மதுரைல அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு விடியக்கால வெளிச்சத்துல 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டு லென்ஸ 3.8க்கு முழுசா தொறந்து வச்சாலும் 1/125லருந்து 1/30க்கு இறங்குற அந்த ரெண்டு ஸ்டாப்பு, அதாவது நாலு மடங்கு வெளிச்சம், இல்லேன்னா படமே கெடையாது, அந்தக் கூட்டத்துல மூணு கால விரிச்சு வைக்க எங்க எடம் இருக்கு, நம்ம ரெண்டு பாதம் ஊனுறதே பெரும்பாடு. தோப்பறைய, அதான் தோல் தண்ணிப் பைய, தோள்ல போட்டுத் தண்ணி பீய்ச்சுற ஒரு பெரியவர அப்படித்தான் எடுத்தேன், தண்ணி கோடு கோடா இழுத்துருக்கு, அவரு கண்ணோரச் சுருக்கம் மட்டும் ஒவ்வொண்ணா எண்ணலாம்.

ஆனா மோனோபாட் மேலயும் கீழயும் ஆடுறதத்தான் நல்லா நிறுத்தும், முன்னாடி பின்னாடி ஆடுறத நிறுத்தாது. கிட்ட நின்னு முகம் எடுக்குறப்ப இதுதான் பெரிய ஆபத்து, லென்ஸத் தொறந்து வச்சா கண்ணு ஷார்ப்பா இருக்குறப்பவே காது மங்கிரும், நீங்க மூச்சு விட்டு நாலு விரக்கடை சாஞ்சா கண்ணும் போயிரும். அதனால கால அகட்டி நின்னு, மோனோபாட்ட கொஞ்சம் முன்னாடி சாச்சு ஊனி, நம்ம ரெண்டு காலையும் மத்த ரெண்டு காலா வச்சு, கேமராவக் கீழ நோக்கி அமுக்கிப் பிடிக்கணும், கழுத்து வார இழுத்து விறைப்பா வச்சா இன்னும் நல்லது. ஃபோகஸ் பண்ணுன உடனே அமுக்கிரணும், யோசிச்சுட்டு நிக்கக் கூடாது. கேமராவுக்குள்ள இருக்குற கண்ணாடிய முன்னாடியே தூக்கி வச்சு எடுக்குறதெல்லாம் ட்ரைபாட்டுக்குத்தான், இதுல தூக்குனா நம்ம பாத்து எடுக்குற ஃபைண்டர் இருட்டாயிரும், நம்ம ஆடுறது நமக்கே தெரியாது.

ஆர்பில இன்னொரு சவுகரியம் உண்டு, நெட்டு படம் வேணும்னா கேமராவச் சாய்க்க வேண்டாம், பின்னாடி பேக்க மட்டும் திருப்புனா போதும், அதனால கேமராவச் சாய்க்க மோனோபாட் மேல மாட்டுற பால் ஹெட்டு தேவையில்ல, நேரா திருகிரலாம். பென்டாக்ஸ் 67 வச்சிருக்கவங்களுக்கு அப்படி இல்ல, கேமராவையே திருப்பணும், உறுதியான ஒரு டில்ட் ஹெட்டு வேணும்.

ஃபிலிம் மாத்துற நேரந்தான் கவனம். ஒரு ரோலுக்கு பத்தே படம், அதனால அடிக்கடி மாத்தணும். ஒரு தடவ அவசரத்துல கல்யாண மண்டபத்துச் சொவத்துல சாச்சு வச்சுட்டுத் திரும்புனேன், கிரானைட் தரைல ரப்பர் நுனி வழுக்கி விழுந்து மேல உள்ள ஃபைண்டர் மூடி நசுங்கிப் போச்சு. அதுலருந்து கீழ உக்காந்து மடில படுக்க வச்சுத்தான் மாத்துவேன்.

இப்ப செல்போனுக்குன்னு விக்கிற மெல்லிசுக் குச்சிய வாங்கி ஏமாந்துராதீங்கன்னு அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு வரி எழுதுங்க. மேலருந்து குனிஞ்சு பாக்குற ஃபைண்டருக்கு நெஞ்சு உயரம் போதும், கடைசி ஒல்லிக் கணு வேண்டியதே இல்ல. கடையிலயே மத்த கணுவெல்லாம் இழுத்துப் பூட்டிட்டு, மோனோபாட்டோட மேல் நுனில ரெண்டு கையையும் வச்சு நம்ம கனத்தப் போட்டு அமுக்கிப் பாக்கணும், ஒரு நூல் இறங்குனாலும் வாங்கக் கூடாது.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு பழைய ஸ்டுடியோக்காரர்