ஆண்டறிக்கை: ராயபுரம் கடலோரத்தில் நம் டிசம்பர் நடை

தலைவர் அவர்களுக்கும் குடியிருப்போர் சங்க அங்கத்தினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. தெருவிளக்குக்காக மூன்று முறை மனு கொடுத்தோம். இரண்டு கம்பங்களில் இப்போது விளக்கு எரிகிறது, மற்றவற்றுக்காக மறுபடியும் போவோம். சந்தா பாக்கியை நம் பொருளாளர் சொல்வார். டிசம்பர் கடைசி ஞாயிறு நடந்த நடையைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

விடியும் முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடினோம். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பண்டிகை நேரம். ஏலக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. விசைப்படகுகளில் கட்டியிருந்த நட்சத்திர விளக்குகளை நம் பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஒரு வாண்டு "முன்னூறு!" என்று கத்திய நேரம், பக்கத்தில் நெத்திலிக் கூடை ஏலத்தில் இருந்தது. "கூடை உனக்குத்தாண்டா கண்ணு" என்று ஏலம் விட்ட அம்மா முடித்துவிட்டார். மறுக்க யாருக்கும் மனசு வரவில்லை. வாங்கிவிட்டோம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மீன்பாடி வண்டி ஏற்பாடு செய்திருந்தோம். நெத்திலிக் கூடையை அவர் காலடியில் வைத்தோம். அப்புறம் பூனைகள் சேர்ந்துகொண்டன. தாத்தா மிட்டாய் வீச, பிள்ளைகள் முன்னே ஓட, பூனைகள் பின்னே வர, ஊர்வலம் கடற்கரைச் சாலையில் திரும்பியது. வாடைக்காற்று ஒரே வீச்சில் பஞ்சுத் தாடியைக் கொண்டுபோய்விட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "இன்னா தாத்தா, ஷேவிங் பண்ணிக்கினியா?" என்று கேட்டதில் தாத்தாவே வண்டியை நிறுத்திச் சிரித்தார்.

பாறாங்கற்கள் கொட்டிய கரையில் சற்று நேரம் நின்றோம். நம் மூத்த உறுப்பினர் கடலைக் கை காட்டி, "நாங்க கபடி ஆடின இடம் அதோ" என்றார். "தண்ணியிலயா ஆடினீங்க?" என்று ஒரு பெண்குழந்தை கேட்டாள். அவளுக்கு விளக்கினோம். கடலோட்டம் தெற்கிலிருந்து மணலைக் கொண்டுவருகிறது. துறைமுகச் சுவர்கள் அதைத் தடுத்தன. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே நம் மணலைக் கடல் தின்றது. 2004 டிசம்பர் 26 அன்று இதே கரையில் சுனாமி அலை ஏறியதை நேரில் பார்த்தவர்களும் எங்களோடு இருந்தார்கள். அந்த இடத்தில் பிள்ளைகள்கூட அமைதியாக இருந்தார்கள்.

பிறகு ராயப்பர் கோயில். பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர் என்று பெயர். நம் ஊர்ப் பெயரே அவரிடமிருந்து வந்ததுதான். துறைமுகம் இல்லாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்த படகோட்டிகள் எழுப்பிய கோயில் அது. கிறிஸ்துமஸ் குடிலுக்குள் ஒரு பூனை நுழையப் பார்த்ததால் கூடையோடு வந்தவர்கள் வெளியிலேயே நின்றார்கள். அருகில், தமிழ்நாட்டின் ஒரே பார்சி அக்னி கோயிலையும் வாசலில் நின்று பார்த்தோம். 1910 முதல் உள்ளே நெருப்பு அணையாமல் எரிகிறது என்றதும் பிள்ளைகளுக்குக் கண் விரிந்தது.

ராயபுரம் ரயில் நிலையத்தில் நடை முடிந்தது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா பக்கம் புறப்பட்டது. தினமும் அதைக் கடந்து போகிற நம்மில் பாதிப் பேர் அந்தத் தூண்களை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தோம். வட சென்னை என்றால் மூக்கைப் பொத்துகிற உறவினர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அடுத்த முறை தேதியை முன்கூட்டியே சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த டிசம்பருக்கு இரண்டு கோரிக்கைகள். தாடிக்குக் கயிறு வேண்டும். கரையோரம் முதியோர் உட்கார நாலு சிமெண்ட் பெஞ்சுகள் வேண்டும், அதற்கான மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும்.

நெத்திலி முழுவதையும் அன்று மாலையே வறுத்து எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டோம். கூடைக்கான 300 ரூபாயை நடைச் செலவில் சேர்க்கப் பேரவை ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்