மாதுளம் பாணி புளிக்கத்தான் வேண்டும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

ஹட்டனில் மூன்று நாளாக விடாத மழை. சனிக்கிழமை நீ பேசும்போது பாதியிலேயே தொடர்பு அறுந்துவிட்டது. தோகாவில் வாங்கிய மாதுளம் பாணியை ரொட்டிக்குத் தொட்டுப் பார்த்ததாகவும், புளிக்கிறது, கெட்டுவிட்டதோ என்றும் கேட்டாய். கெடவில்லை, தம்பி. அதைக் கொட்டிவிடாதே.

பாணி என்றதும் நீ கித்துள் பனையின் இனிப்புப் பாணியை நினைத்துக்கொண்டாய். இது புளிக்காகச் சேர்ப்பது. நமக்குக் கொறுக்காயும் பழப்புளியும் எப்படியோ, லெபனான்காரர்களுக்கு இது அப்படி. அங்கே இதற்குத் 'திப்ஸ் ருமான்' என்று பெயர். ருமான் என்றால் மாதுளை.

நீ அம்மாயியிடம் வளர்ந்த அந்த மூன்று வருடமும் லெபனானில் நான் வேலை செய்த வீட்டில் இதைக் காய்ச்சுவார்கள். சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்த வீடுதான். ஆனால் அந்த வீட்டுக் கிழவி அடுப்படியில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாம் காட்டித் தந்தார். ஒக்டோபரில் புளி மாதுளை வந்து இறங்கும். முத்துகளை உதிர்த்துப் பிழிந்து, வடிகட்டிய சாற்றை அகலமான சட்டியில் மெல்லிய தீயில் வைப்போம். ஒரு லீற்றர் சாறு சுண்டி ஒரு கோப்பையளவுக்கு வரும். கரண்டியின் முதுகில் ஒட்டினால் உடனே இறக்கிவிட வேண்டும். ஆறும்போது தானாக இன்னும் இறுகும். சட்டியிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் கருகிக் கசந்துவிடும்.

உன் போத்தலில் ஒட்டியிருப்பதை வாசித்துப் பார். மாதுளை மட்டும் என்றிருந்தால் நல்லது. குளுக்கோசும் சிட்ரிக் அமிலமும் முன்னால் நின்றால் அடுத்த முறை வேறு வாங்கு. அதில் இனிப்பும் புளிப்பும் இருக்கும், மாதுளையின் துவர்ப்பு இருக்காது. அந்தத் துவர்ப்புக்காகத்தான் இதை வாங்குவதே.

முதலில் கோழி ஈரல் செய். விலையும் குறைவு, அறையில் நாலு பேருக்கும் காணும். அரைக் கிலோ ஈரலைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிடு. துடைக்காமல் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். தாச்சியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஈரலைப் போட்டு, பெரிய தீயில் இரண்டு பக்கமும் சிவக்க விடு. பிறகு நசுக்கிய உள்ளி, உப்பு, மிளகுத்தூள். உள்ளே சிவப்பு மாறி வெந்ததும் மாதுளம் பாணி மூன்று மேசைக்கரண்டி ஊற்றி, ஒரு நிமிடம் பிரட்டி இறக்கு. பாணியை முதலில் ஊற்றாதே. ஈரல் வேகுமுன் அது அடிபிடித்துவிடும்.

கத்தரிக்காயைப் பொரித்து அதன் மேல் கொஞ்சம் ஊற்றிப் பார். நம் மோஜுவில் வினாகிரியும் சீனியும் சேர்ந்து செய்யும் வேலையை இது ஒன்றே செய்துவிடும். சலாதுக்கு எண்ணெயும் தேசிக்காயும் கலக்கும்போது ஒரு தேக்கரண்டி விடலாம். சிவப்புக் கறிமிளகாயைச் சுட்டு, வால்நட்டோடு அரைத்து இதைக் கலப்பார்கள். முஹம்மரா என்பார்கள், சிரியாவின் அலெப்போ நகரத்துப் பெயர்பெற்ற உணவு. அது ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும்.

இங்கே மாதுளை விற்கும் விலைக்குப் பாணி காய்ச்ச முடியாது. ஆசை வந்தால் பழப்புளிக் கரைசலில் கொஞ்சம் கித்துள் பாணி விட்டுச் சுண்டவைத்து, அவித்த பீட்ரூட்டில் பிரட்டுகிறேன். துவர்ப்பு வராது. ஆனாலும் தங்கச்சி தட்டை வழித்துச் சாப்பிடுகிறாள். நான் அங்கே இருந்தபோது இந்த மணம் வரும் நேரமெல்லாம் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாய் ஊட்ட மாட்டோமா என்று இருக்கும். அவளுக்கு இப்போது ஊட்டிவிட்டேன். உனக்கு எழுதித்தான் அனுப்ப முடிகிறது.

பக்கத்து லயத்துப் பையன் அடுத்த கிழமை தோகா வருகிறான். இந்தக் கடிதத்தோடு ஒரு போத்தல் கித்துள் பாணியும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். ரொட்டிக்கு அதைத் தொட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா