கமராவைக் கொஞ்சம் தள்ளி வை

அன்பின் மகளுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுறன்.

உன்ர பேச்சைத் தம்பி லப்ரொப்பில போட்டுக் காட்டினவன். முன்வீட்டு ரீச்சரும் வந்து இருந்து பார்த்தவ. உன்ர இங்கிலீசு வேகம் எனக்கு முழுக்கப் பிடிபடேல்லை. ஆனா மூளையில இருக்கிற பரிவகக்கீழ், கபச்சுரப்பி, வயித்துக்குள்ள இருக்கிற சூலகம் எண்டு மூண்டு வட்டம் கீறி அம்புக்குறி போட்டிருந்தாய் பார், அதுக்கு எனக்கு ஒருத்தரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. முப்பது வருசம் நானும் அதே மூண்டு வட்டத்தைத்தானே கரும்பலகையில கீறினனான். "உங்கட கை அப்படியே வந்திருக்கு" எண்டு ரீச்சர் சொன்னா. பெருமையாத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்லுவான். ஆனா நீ கையைத் தூக்கித் திரையைக் காட்டேக்க மணிக்கூடு முழங்கை மட்டும் சறுக்கிப் போனது. அதுக்குப் பிறகு நீ பேசினது ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை.

சாப்பிடுறியோ? கேட்டா "ஓமம்மா" எண்டுவாய். என்ன சாப்பிட்டனி எண்டு கேட்டா வேற கதை எடுப்பாய். போன ஆவணியில திருவிழாவுக்கு வந்து நிண்ட பதினொரு நாளும் நான் பார்த்தனான். புட்டைப் பிரிச்சுப் பிரிச்சுக் கோப்பையைச் சுத்திப் பரப்பிப்போட்டு, "காணும் அம்மா." விரதகாலம் எண்டு சின்னம்மாவுக்குச் சொன்னனான். அவ நம்பினவ, பாவம்.

கால் விசயம் எனக்குத் தெரியாது எண்டு நினைச்சிட்டாய். தம்பிக்கு வாய் நிக்காது எண்டு உனக்குத் தெரியாதே? பாத எலும்பில மயிரளவு வெடிப்பாம், ஆறு கிழமை பெரிய சப்பாத்தொண்டு போட்டுக்கொண்டு திரிஞ்சியாம். விழேல்லை, ஒண்டிலயும் இடிபடேல்லை, சும்மா ஓடினதுக்கு. 36 வயசில. உன்னட்ட வைத்தியத்துக்கு வாற பிள்ளையளில ஒருத்தி இப்படி வந்து நிண்டிருந்தால் அவளிட்ட முதல் என்ன கேட்டிருப்பாய்?

நீ போனில விளங்கப்படுத்தினது ஒண்டும் நான் மறக்கேல்லை. சாப்பாடு குறைஞ்சால் கொழுப்புக் குறையும், கொழுப்பிலயிருந்து வாற லெப்ரின் குறையும் (1994இல கண்டுபிடிச்ச சாமான், நான் படிக்கேக்க இல்லை), பரிவகக்கீழ் கடையைப் பூட்டும், பெண் ஓமோன் ஈஸ்திரசன் விழும், என்பு கரையத் தொடங்கும். அதுக்கு ஓமோன் குளிசை குடுத்தால் மாசாமாசம் இரத்தம் வரும், ஆனா என்பு தேறாது எண்டனி. குளிசை ஈரலுக்குள்ளால போகேக்க, என்பை வளர்க்கிற மற்ற ஓமோனைக் குறைச்சுப் போடுமாம். ஈஸ்திரசனைத் தோலில ஒட்டுற பட்டியாக் குடுத்தால் அந்தக் கரைச்சல் இல்லை, 2011இல வந்த ஆய்வில அப்படி ஒட்டின பெட்டையளுக்கு என்பு அடர்த்தி கூடினது எண்டனி. எது ஒட்டினாலும் உடம்பில நிறை ஏறாமல் முழுசாத் தேறாது எண்டும் சொன்னனி. "குளிசை குடுத்து இரத்தம் வந்தவுடன தாய்மார் சந்தோசப்பட்டிடுவினம் அம்மா, எல்லாம் சரியாப் போச்சு எண்டு நினைச்சிடுவினம்" எண்டு சொல்லிப்போட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். நானும் பேசேல்லை. லைன் கட்டாயிட்டுது எண்டு நினைச்சு நீ வைச்சிட்டாய். கட்டாகேல்லை மகள்.

அமெரிக்காவில 1944-45இல 36 இளந்தாரியளை ஆறு மாசம் அரைவயிறாய் வைச்சுப் பார்த்த கதையும் நீ சொன்னதுதான். அவங்கள் கனவிலயும் சாப்பாட்டைக் கண்டவங்களாம், சிலபேர் சமையல் புத்தகமாச் சேர்த்தவங்களாம். எனக்கு அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை. ஏ.எல். சோதினைக்குப் படிச்ச காலத்தில நீ சமையல் குறிப்பு ஒட்டி வைச்ச நீலக்கொப்பி இப்பவும் என்னட்டக் கிடக்குது. ரியூசனால வந்து குசினிக்குள்ள நிண்டு தம்பிக்கு ரொட்டி, அப்பாவுக்குப் பயத்தம் பணியாரம், முன்வீட்டுக்குக் கேசரி. எல்லாருக்கும் ஆக்கிக் குடுத்துப்போட்டு, எதிரில இருந்து அவை சாப்பிடுறதை வடிவாப் பார்த்துக்கொண்டு இருப்பாய். என்ன கைராசி எண்டு நான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்.

கல்சியம் குளிசை மட்டும் போடாத, பாலும் குடி. நெத்தலி அங்க ரின்னில கிடைக்கும்தானே. சாப்பிடாமல் ஓடாத.

இனி எழுதப் போறதை முதலே எழுதியிருக்கவேணும்.

2006இல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ-9 ரோட்டைப் பூட்டினாப் பிறகு ஊரில ஆர்தான் மெலியேல்லை? சாமான் கப்பலில வரவேணும், சங்கக்கடையில விடியப்புறமே வரிசை, பின்னேரமானால் ஊரடங்கு. நீ மெலிஞ்சதைக் கேட்டவைக்கெல்லாம் தட்டுப்பாடு எண்டு மறுமொழி சொன்னனான். ஆனா எங்கட வீட்டில அரிசி இருந்தது. மா இருந்தது. முருங்கை நிண்டது. தம்பி மெலியேல்லை.

கடையில இல்லாமல் போகும் எண்டு அலுமாரிக் கீழ்த்தட்டில உனக்கு மாசாமாசம் தேவைப்படுறதில நாலு பைக்கற் வாங்கி வைச்சனான். கார்த்திகையில பார்த்தன், நாலு. தையில நாலு. சித்திரை வருசத்துக்கு அலுமாரி துடைக்கேக்கயும் நாலு. எண்ணினனான், மகள். எண்ணிப்போட்டுக் கதவைச் சாத்தினனான். சோதினை நேரம் வயித்துக்குத்து இல்லாமல் பிள்ளை படிக்குது, நல்லதுக்குத்தான் எண்டு நினைச்சன். அதோட விட்டனே? இரண்டு பைக்கற்றைத் தூக்கிப் பின்வீட்டுப் பெட்டைக்குக் குடுத்தன், "எங்கட பிள்ளைக்கு இப்ப தேவைப்படாது" எண்டு. அவளின்ர தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. அவ நினைச்சது வேற. எனக்கு அந்தப் பார்வையிலதான் கோவம் வந்தது, வேற ஒண்டும் வரேல்லை.

அந்தத் தவணைதான் நான் பள்ளிக்கூடத்தில மாதவிடாய்ச் சக்கரம் படிப்பிச்சது. நிறை நல்லாக் குறைஞ்சால் சக்கரம் நிக்குமோ ரீச்சர் எண்டு ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டவள். நிக்கும் எண்டு காரணத்தோட விளங்கப்படுத்தினனான். வீட்ட வந்து உனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்து, "குழப்படாமல் படி" எண்டு கதவை மெல்லச் சாத்திப்போட்டுப் போனன்.

பெண்பிள்ளைக்கு 18 வயசுக்குள்ள என்புத்திணிவு 90 வீதமளவு சேர்ந்திடும் எண்டு உன்ர பேச்சில வந்தது. அந்த இடம் மட்டும் எனக்கு நல்லா விளங்கினது. உனக்கு அப்ப 17.

நீ பெரியபிள்ளையானவுடன ஆச்சி உளுத்தங்களியும், பச்சை முட்டையில நல்லெண்ணெய் விட்டும் தந்தவ. "இதில கல்சியம் எவ்வளவு?" எண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு அவவோட சண்டை பிடிச்சனி. ஆச்சிக்குக் கல்சியம் தெரியாது. ஆனா அவ இருந்திருந்தால் அலுமாரியைத் திறந்து பார்த்துப்போட்டுச் சும்மா இருந்திருக்க மாட்டா.

மருத்துவபீடம் கிடைச்ச அண்டைக்கு அந்த மெலிவைக் காட்டி, "பாருங்கோ, பட்டினி கிடந்து படிச்ச பிள்ளை" எண்டு சொன்னதும் நான்தான். அண்டைக்கு எடுத்த மஞ்சள் சாரிப் படத்தை இப்ப சுவரில இருந்து கழட்டிட்டன். தம்பி ஏன் எண்டு கேட்டான். கறையான் எண்டு சொன்னன்.

உன்னட்ட வாறவையைப் படுக்கவைச்சு என்பு அளக்கிற மெசின் குத்தாது, நோகாது, பத்து நிமிசம்தான் எண்டாய். நீ அதில ஏறிப் படுத்தனியோ? எனக்கும் எடுக்கச் சொல்லி டொக்டர் துண்டு தந்தவர், கலண்டருக்குப் பின்னால செருகி வைச்சிருக்கிறன். நீ எடு, அடுத்த கிழமையே நானும் போறன். மற்றதையும் கேக்கவேணும் போல கிடக்குது, மாசாமாசம் வாறதைப்பற்றி. கடிதத்தில எழுதவேண்டாம். தம்பி இல்லாத நேரமாப் பார்த்துக் கதை.

மாமியின்ர மகள் தை பிறக்க அங்கால வாறாள். வறுத்த உளுத்தம்மா இரண்டு கிலோ, ஒடியல்மா ஒரு கிலோ, நல்லெண்ணெய் ஒரு போத்தல் குடுத்துவிடுறன். எண்ணெயை விமானத்தில விடமாட்டாங்கள் எண்டு தம்பி சொல்லுறான், நல்லாச் சுத்திக் கட்டித்தான் விடுறன். களி கிண்டத் தெரியாட்டில் எடு, சொல்லித் தாறன். ஆருக்கும் ஆக்கிக் குடுக்காத.

ஞாயிறு வீடியோவில வா. முகத்தை மட்டும் காட்டுற மாதிரிப் பிடிக்கிறாய், கமராவைக் கொஞ்சம் தள்ளி வை.

அன்புடன்,
அம்மா