சுவர்களை மாற்றித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் சமூக மையத்தின் வரவேற்புக் கூடத்திலும் அதை ஒட்டிய நீண்ட நடைபாதையிலும் உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளைச் சுழற்சி முறையில் காட்சிக்கு வைக்கும் பணி, இப்போதைய சுற்றோடு மேலும் ஓர் ஆண்டை நிறைவு செய்கிறது. இதற்காக உழைத்தவர்களில் கலைஞர்களின் பெயர்களைப் படைப்புகளின் அருகிலேயே காணலாம். மற்றவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர்களில் பலரும் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த வேலையைச் சொல்லியே இம்மடலில் நன்றி கூறுகிறோம்.

முதலில் கலைஞர்களுக்கு. வீட்டிலோ பணியறையிலோ பாதுகாப்பாக இருந்த படைப்பைச் சில மாதங்களுக்குப் பிறர் கையில் ஒப்படைப்பதற்கு நம்பிக்கை வேண்டும். எங்கள் மையம் அருங்காட்சியகம் அன்று. இங்கே காவலர் இல்லை, கயிறு கட்டிய தடுப்பும் இல்லை. குழந்தைகள் ஓடும், நாற்காலிகள் நகர்த்தப்படும், பயிற்சி வகுப்புக்கு வருவோர் பைகளைத் தோளில் மாட்டியபடி அதே நடைபாதையில் கடந்து செல்லும் இடம் இது. இவை அனைத்தையும் நேரில் பார்த்த பிறகும் தங்கள் படைப்புகளைத் தந்தீர்கள். பல ஆண்டுகள் யாருக்கும் காட்டாமல் வரைந்து வந்த சிலர் முதன்முறையாக எங்கள் சுவரைத் தேர்ந்தெடுத்ததைப் பெருமையாகக் கருதுகிறோம்.

கலைஞர்களின் உரிமையைக் காக்கும் ஒரு பக்க ஒப்பந்தத்தை ஊதியம் பெறாமல் எழுதிக் கொடுத்த வழக்குரைஞருக்கு அடுத்த நன்றி. ஓர் ஓவியத்தை ஒருவர் விலைகொடுத்து வாங்கினாலும், எழுத்து மூலம் மாற்றித் தரப்படாத வரையில், அதன் பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் வரைந்தவரிடமே இருக்கிறது. அழைப்பிதழில் ஒரு படத்தை அச்சிடுவதற்கும் அவருடைய ஒப்புதல் தேவை என்பதை அந்த ஒரு பக்கம் எல்லோருக்கும் விளங்கும் மொழியில் சொல்கிறது. படைப்பு எங்களிடம் வந்த நாளிலும் திரும்பிச் செல்லும் நாளிலும் அதன் நிலையைப் புகைப்படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்ற விதியையும் அவரே சேர்த்தார். முன்பே இருந்த கீறலா, இங்கே விழுந்த கீறலா என்ற ஐயத்துக்கு இடமில்லாமல் போனது.

சுழற்சிக் காட்சியின் பெரும்பாடு, ஒரு சுற்று இறங்கி அடுத்த சுற்று ஏறும் அந்த இடைவேளையில் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. பழைய படங்களை இறக்கிப் பதிவோடு ஒப்பிட்டு உறையிட வேண்டும். ஆணி இருந்த துளைகளில் பட்டி வைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூச வேண்டும். புதிய படங்களைச் சுவரோரம் தரையில் வரிசையாகச் சாய்த்து வைத்து, எது எதற்கு அருகில் பொருந்தும் என்று நெடுநேரம் நின்று பார்க்க வேண்டும். முதல் கொக்கி அடிக்கப்படுவது இவை எல்லாம் முடிந்த பிறகுதான். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் அமைவது கலைக்கூடங்களில் பரவலான வழக்கம். கொக்கியின் உயரத்தைக் கண்டுபிடிக்க, அந்த உயரத்தோடு படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, பின்புறக் கம்பி இழுபட்டு நிற்கும்போது மேல்விளிம்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைக் கழிக்க வேண்டும். ஏணியின் மேல் நின்றபடி இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டு முடிக்கும் இருவர் எங்கள் குழுவில் இருக்கிறார்கள் என்பதைச் சற்றுப் பெருமையோடு இங்கே குறிப்பிடலாம்.

சக்கர நாற்காலியில் வரும் பார்வையாளர் ஒருவர், அந்த உயரம் யாருடைய கண்களுக்கு உரியது என்று கேட்டார். அவர் கேட்ட பின்னரே சிறிய படங்களின் வரிசையைத் தாழ்த்தினோம். குறிப்பட்டைகளையும் அமர்ந்தபடி படிக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுவந்தோம். அது குழந்தைகளுக்கும் பயன்பட்டது. அவருக்குத் தனிப்பட்ட நன்றி.

சுவரின் மேல்விளிம்பை ஒட்டி அலுமினியப் பட்டை பொருத்தி, அதிலிருந்து இறங்கும் கம்பிகளில் படங்களை மாட்ட வழி செய்த தச்சரால், ஒவ்வொரு சுற்றுக்கும் சுவரைத் துளைக்கும் வேலை பாதியாகக் குறைந்தது. அவர் விட்டுச்சென்ற ரசமட்டம் இப்போது மையத்தின் பொதுச்சொத்தாகிவிட்டது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

ஒளியைப் பற்றி எங்களுக்குக் கற்றுத்தந்தவர்கள் மின்பணியாளர் ஒருவரும், ஒளி அளவிடும் கருவியை இரவல் தந்த புகைப்படக் கலைஞர் ஒருவருமே. நீர்வண்ண ஓவியம், அச்சுப்படம் போன்ற தாள்வழிப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) அளவும், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 லக்ஸ் அளவும் அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்புகள். ஒளியால் மங்கிய நிறம் இருளில் வைத்தாலும் திரும்புவதில்லை. சேதம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். இந்த அடிப்படையில் பார்த்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை படைப்புகளை மாற்றுவது புதுமைக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. தாளில் வரையப்பட்ட ஒரு படம் ஓய்வெடுப்பதற்கும் அதுவே வழி. அவர்கள் இருவரும் கூடத்தை அளந்து வரைந்து தந்த ஒளி வரைபடத்தின்படியே இப்போது படங்களுக்கு இடம் ஒதுக்குகிறோம். சன்னலோரச் சுவரில் நீர்வண்ணம் வைப்பதை அறவே நிறுத்திவிட்டோம். சன்னல் கண்ணாடிகளுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலத்தை வாங்கி ஒட்டித் தந்த கொடையாளருக்கும் எங்கள் நன்றி உரியது.

சட்டகங்களைப் பற்றிச் சொல்லாமல் இம்மடலை முடிக்க இயலாது. தாளும் வண்ணமும் வாங்க முடிந்த ஒருவருக்குச் சட்டமிடும் செலவே கதவை மூடிவிடும். சட்டமிடும் தொழில் செய்யும் ஒருவர் இதைப் புரிந்துகொண்டு, குறிப்பிட்ட சில அளவுகளில் சட்டகங்களைச் செய்து, உடையும் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடும் அமிலமற்ற அட்டையும் இட்டு, மையத்துக்கே கொடுத்துவிட்டார். தாளில் வரைகிறவர்கள் அந்த அளவுகளுக்கு ஏற்ப வரைந்தால் போதும். சட்டகம் ஒரு சுற்று முடிந்ததும் அடுத்தவருக்குப் போகும். இந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்த உதவிகளில் மிகத் தொலைவுக்குச் செல்லக்கூடியது இதுவே என்பது எங்கள் குழுவின் கணிப்பு.

துப்புரவுப் பணியாளர்களின் பங்கு பலருக்குத் தெரியாது. சட்டகத்தின் முகப்பில் நேரடியாகத் திரவத்தைத் தெளித்தால் அது விளிம்பு வழியே உள்ளே இறங்கி அட்டையில் கறையாகும் என்று அறிந்து, துணியை மட்டும் இலேசாக நனைத்துத் துடைத்தவர்கள் அவர்கள். வெளிப்புறச் சுவர் ஒன்றில் ஈரம் படர்வதை முதலில் கண்டு சொன்னதும் அவர்களே. அந்தச் சுவரில் இருந்த படங்கள் அன்றே இடம் மாறின.

குறிப்பட்டைகளின் பிழைதிருத்திய ஆசிரியர்களுக்கும், கலைஞர் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்த இளைஞர்களுக்கும், படைப்புகளை ஏற்றி இறக்க வண்டி தந்தவர்களுக்கும் நன்றி.

தேர்வுக் குழுவின் வேலை எளிதன்று. நடுவர் குழுவும் பரிசும் இல்லை என்ற கொள்கையோடு பாரிஸில் 1884இல் சுயேச்சைக் கலைஞர்கள் தொடங்கிய காட்சியைச் சுட்டிக்காட்டி, எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். எங்கள் சுவருக்கு அளவு உண்டு. ஆகவே ஒவ்வொரு விண்ணப்பதாரரின் ஒரு படைப்பையேனும் ஆண்டுக்குள் ஏதாவது ஒரு சுற்றில் வைப்பது, எந்தச் சுற்றில் எதனோடு வைப்பது என்பதை மட்டும் குழு முடிவு செய்வது என்று தீர்மானித்தார்கள். அந்தப் பொறுமைக்கு நன்றி.

ஒரு படைப்பை அகற்றும்படி கடிதம் வந்தபோது, அதை எழுதியவருக்கு மரியாதையான விளக்கமும் படைப்புக்கு அதே இடமும் அளித்த நிர்வாகக் குழுவுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கடிதம் எழுதியவருக்கும் நன்றி. அவருடைய கருத்து மாறியதாகத் தெரியவில்லை, ஆனால் அடுத்த திறப்பு விழாவுக்கும் வந்திருந்தார்.

இப்போது சுவரில் உள்ள படைப்புகள் இம்மாத இறுதியில் இறக்கப்படுகின்றன. கலைஞர்கள் தங்கள் ஒப்புகைச் சீட்டோடு வந்து பெற்றுக்கொள்ளலாம்; வர இயலாதவர்கள் எழுத்து மூலம் அனுமதித்து வேறொருவரை அனுப்பலாம். பட்டி வைத்துத் தேய்க்கும் வேலைக்குக் கைகள் எப்போதும் குறைவாகவே இருக்கின்றன. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அன்றைக்கு வந்தால் மகிழ்வோம்.

நன்றியுடன்,
கண்காட்சி ஒருங்கிணைப்புக் குழு