விற்பனை நின்றுபோனால் வழக்கறிஞருக்கு எவ்வளவு? முதல் நாளே எழுதித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வீடு வாங்கும்போது வழக்கறிஞர் கட்டணம் எவ்வளவு என்று எல்லாரும் விசாரிக்கிறோம். நாலு இடத்தில் கேட்டு, குறைவாகச் சொல்பவரிடம் போகிறோம். ஆனால் அந்த வீட்டை வாங்க முடியாமல் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. இந்தத் தொகையை வழக்கறிஞர் நிறுவனங்கள் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே எழுத்தில் தர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் தங்கை குடும்பம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றுவிட்டு, இப்போதைக்கு மாமியார் வீட்டில் இருக்கிறது. புக்கிட் பாத்தோக் பக்கம் ஒரு மறுவிற்பனைக் கொண்டோ அவர்களுக்குப் பிடித்துப்போனது. விலை 1.2 மில்லியன் வெள்ளி. ஆடி பிறப்பதற்குள் கையெழுத்து ஆகிவிட வேண்டும் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அவசரப்படுத்தினார்கள். விலையில் ஒரு விழுக்காடு, அதாவது 12,000 வெள்ளி கொடுத்து ஆப்ஷன், அதாவது குறித்த நாளுக்குள் அந்த வீட்டை வாங்கும் உரிமை, வாங்கினார்கள். தனியார் வீட்டுக்கு வழக்கமாக 14 நாள் தவணை. அதற்குள் இன்னும் நான்கு விழுக்காட்டைக் கட்டி ஆப்ஷனை உறுதிசெய்ய வேண்டும். அந்த வேலைக்காக, முகவர் சொன்ன வழக்கறிஞர் நிறுவனத்துக்குப் போய், தங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் ‘வாரண்ட் டு ஆக்ட்’ தாளில் கையெழுத்துப் போட்டார்கள். கட்டணம் எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளி என்று சொன்னார்கள்.

அப்புறம் வங்கி கையை விரித்துவிட்டது. மாதக் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது 2021 டிசம்பரிலிருந்து உள்ள விதி. தங்கை கணவருக்குச் சம்பளத்தில் பாதிக்குமேல் கமிஷன். நிலையில்லாத வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் வங்கி கணக்குப் போட வேண்டும். முதலில் முன்னொப்புதல் தந்தபோது சொன்ன தொகை வேறு, கடைசியில் தர முன்வந்த தொகை வேறு. இடைவெளியை ரொக்கத்தால் நிரப்ப வழியில்லாமல் ஆப்ஷனை அப்படியே காலாவதியாக விட்டார்கள். 12,000 வெள்ளி போனது. அது ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விஷயம், தெரிந்தேதான் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் வழக்கறிஞர் நிறுவனத்திலிருந்து பில் வந்தது. 1,850 வெள்ளிக்குச் சற்று மேல். “வீடே வாங்கல, எதுக்குக்கா இவ்வளவு?” என்று தங்கை அழாத குறையாகக் கேட்டாள்.

நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பில்களை வரிவரியாகப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் அந்தத் தாளை என்னிடம் அனுப்பச் சொன்னேன். தொழிற்கட்டணம் 1,200 வெள்ளி. நில ஆணையத்தில் பத்திரத் தேடல், விற்பவர் திவாலானவரா என்ற தேடல், சாலைத் திட்டம், சொத்து வரி, வடிகால் பற்றியெல்லாம் அரசாங்க அமைப்புகளிடம் கேட்டு வாங்கிய பதில்கள், வாங்குபவருக்கு வீட்டின்மேல் உரிமை இருப்பதாகப் பதிந்துவைக்கும் கேவியட் போட்டது, பிறகு அந்தக் கேவியட்டைத் திரும்ப எடுத்தது. இவை எல்லாம் சேர்த்து 380. கடைசியில் ‘இதர செலவுகள்’ என்று ஒரே வரியில் 150. ஜிஎஸ்டி தனி.

380 வெள்ளியைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அரசாங்க அமைப்பு பதில் கொடுத்துவிட்டது, அதற்கான பணத்தை நிறுவனம் கட்டிவிட்டது. வீடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. வழக்கறிஞர் செய்த வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆப்ஷன் தாளைப் படித்து, வங்கியோடு பேசி, விற்பவரின் வழக்கறிஞருக்கு எழுதியதெல்லாம் வேலைதான். என் கேள்வி ஒன்றுதான். அந்த 1,200 எங்கே எழுதியிருந்தது? தங்கை கையெழுத்துப் போட்ட தாளை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். விற்பனை முழுமையடையாவிட்டால் ‘செய்த வேலைக்கு ஏற்ப’ கட்டணம் என்று ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. எவ்வளவு, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, மணிக்கணக்கா, விழுக்காடா, ஒன்றும் இல்லை. முழு வேலைக்கும் 2,800 என்றவர்கள், ஆப்ஷன் கட்டத்திலேயே நின்றுபோன வேலைக்கு 1,850 கேட்கிறார்கள். பணம் கைமாறுவது, பத்திரப் பதிவு, அடமானம், சாவி வாங்குவது எல்லாம் ஆப்ஷனுக்குப் பிறகு வரும் வேலைகள். அந்தக் கட்டத்துக்கு இவர்கள் போகவே இல்லை.

விளக்கம் கேட்டு எழுதினோம். இதர செலவுகளை முழுதாக நீக்கினார்கள், தொழிற்கட்டணத்தை 700 ஆகக் குறைத்தார்கள். சரி, தங்கைக்கு அது நிம்மதி. எனக்கு அதிலும் வருத்தம்தான். கேட்டவுடன் குறைக்கக்கூடிய தொகையை, கேட்கத் தெரியாதவர்கள் முழுதாகக் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தயங்கும் பெரியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

வழக்கறிஞர்களுக்கான 2015 தொழில் நடத்தை விதிகளின்படி, கட்டணம் எந்த அடிப்படையில் போடப்படும் என்பதைக் கட்சிக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ‘செய்த வேலைக்கு ஏற்ப’ என்று எழுதிவிட்டால் விதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டலாம். ஆனால் வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்தும் ஒரு குடும்பத்துக்கு அதிலிருந்து எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் வீட்டு விற்பனைக்கு வழக்கறிஞர் வாங்கவேண்டிய கட்டணம் அட்டவணையாகவே இருந்தது, 2003ல் அதை எடுத்துவிட்டார்கள். போட்டி வந்தது, கட்டணமும் குறைந்தது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் போட்டி நடப்பதெல்லாம் வெற்றிகரமாக முடியும் விற்பனையின் விலையில்தான். நின்றுபோகும் விற்பனைக்கு யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை.

வீவகவைப் பாருங்கள். அங்கேயே வழக்கறிஞர் சேவையை எடுத்துக்கொண்டால் கட்டணத்தை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் 30,000 வெள்ளிக்கு ஆயிரத்துக்கு 90 காசு, அடுத்த 30,000க்கு 72 காசு, மீதிக்கு 60 காசு. 600,000 வெள்ளி வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லாமல் சுமார் 373 வெள்ளி வரும் என்று நாமே போட்டுப் பார்க்கலாம். வங்கிக் கடனில் வாங்குபவர்கள் தனியார் நிறுவனங்களுக்குத்தான் போக வேண்டும், அங்கே இந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

விற்பனை நின்றுபோவது அபூர்வம், அதற்கெல்லாமா விதி என்று சிலர் கேட்கலாம். வீவக மறுவிற்பனையில் ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் வீட்டின் மதிப்பீடே தெரியவருகிறது. மதிப்பு குறைவாக வந்தால் வித்தியாசத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். கையில் இல்லாதவர்கள் பின்வாங்குகிறார்கள். அங்கே ஆப்ஷன் பணம் அதிகபட்சம் 1,000 வெள்ளி, தவணை 21 நாள் என்பதால் இழப்பு சிறியது. தனியார் வீட்டில் அப்படியில்லை. அதோடு, ஆப்ஷனை உறுதிசெய்த பிறகு ஏதாவது நடந்தால் நிலைமையே வேறு. ஐந்து விழுக்காடும் போகலாம், விற்பவர் வழக்கும் போடலாம். முத்திரை வரியும் 14 நாளுக்குள் கட்டியாக வேண்டும். என் தங்கை பார்த்த வீட்டுக்கு அது மட்டும் 32,600 வெள்ளி. விற்பனை கைவிடப்பட்டால் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு, அந்த விண்ணப்பத்துக்கும் வழக்கறிஞர் தனியாகக் கட்டணம் கேட்பார். விற்பவர் பின்வாங்கியதால் நின்றுபோனாலும் வாங்குபவருக்கு அவருடைய வழக்கறிஞரிடமிருந்து பில் வரும். தவறே செய்யாதவர் தலையில் விழும் அந்தப் பில்தான் எனக்கு எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துகிறது.

இங்கிலாந்தில் ‘விற்பனை இல்லையென்றால் கட்டணம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் பல உண்டு. அங்கே ஒப்பந்தம் கைமாறும்வரை இரண்டு பக்கமும் சும்மா விலகிக்கொள்ளலாம், அதனால் விற்பனைகள் நிறைய உடைகின்றன, அந்த ஏற்பாடு அங்கே பொருந்தும். அதுவே இங்கேயும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தேடல் செலவு அங்கேயும் வாங்கிவிடுவார்கள். அங்கே கேள்விக்கு முன்கூட்டியே ஒரு பதில் இருக்கிறது என்பதைத்தான் கவனிக்கிறேன்.

பில்லில் சந்தேகம் இருந்தால் வழி இல்லாமல் இல்லை. வரிவரியான கணக்கு கேட்கலாம், பில் கிடைத்த 12 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் கட்டண மதிப்பீடு கோரலாம். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிப் பில்லுக்காக யார் நீதிமன்றப் படி ஏறப்போகிறார்கள்? கையெழுத்துக்கு முன்பே தீர்க்கவேண்டிய விஷயம் இது.

வழக்கறிஞர் சங்கம் ஒரே பக்கத்தில் ஒரு படிவம் தயாரிக்கலாம். ஆப்ஷனை உறுதிசெய்யும் முன் நின்றால் இவ்வளவுக்கு மேல் இல்லை, உறுதிசெய்த பின் நின்றால் இவ்வளவு, எதிர்த்தரப்பு பின்வாங்கினால் இவ்வளவு, வெளியே கட்டிய செலவு தனியாக ரசீதோடு என்று எண்களோடு இருந்தால் போதும். கட்டணத்தை நிர்ணயிக்கச் சொல்லவில்லை, ஒவ்வொரு நிறுவனமும் தன் எண்ணைத் தானே எழுதட்டும். நாட்டில் முடியாத காரியம் இல்லை இது. வீட்டுப் பணத்தை வழக்கறிஞர்கள் தங்கள் சாதாரணக் கட்சிக்காரர் கணக்கில் வைத்திருக்க முடியாது என்று 2011ல் விதி வந்தது, அன்றிலிருந்து லட்சக்கணக்கான வெள்ளி தனிக் கணக்குகளில் பத்திரமாக இருக்கிறது. அவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்தவர்களுக்கு ஒரு பக்கப் படிவம் பெரிய வேலையா?

சொத்து முகவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வழக்கறிஞர் பெயரைச் சொல்லும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வீடு வாங்கப் போகிறவர்கள் ‘வாரண்ட் டு ஆக்ட்’ தாளைப் பார்த்ததும் “நின்றுபோனால் எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது பில் வரும்போது நிற்காது. நல்ல நாள் பார்த்து அவசரமாகக் கையெழுத்துப் போடுகிறவர்களும் அதற்கு அரை நாள் ஒதுக்கத்தான் வேண்டும்.

இதைப் படிக்கும் வழக்கறிஞர்கள், தங்கள் நிறுவனத்தில் நின்றுபோன விற்பனைக்கு எப்படிக் கட்டணம் போடுகிறார்கள் என்பதை உங்கள் நாளிதழின் இதே பக்கத்தில் எழுதினால் என்னைப்போன்ற வாசகர்களுக்கு மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி,
ஈசூன்